நாளொன்றுக்கு ஆறு பேர்

லைல் ஸ்டக்கிக்குப் பயம் வந்தால் ஜோக் வரும். அன்று காலையிலிருந்து அவன் வாய் மூடவே இல்லை.

"பாத்து மேடம். கீழ தொண்ணூறு அடி. நீங்க விழுந்தா அந்தப் பெர்மிட்லயும் என் கையெழுத்துதான் இருக்கு. ஒரே வாரத்துல ரெண்டு பேர்னா எனக்கு ஆபீஸ்ல மெடலே குடுத்துடுவாங்க."

"நான் எறங்கலையே. உக்காந்துதானே இருக்கேன்" என்றாள் ஆர்டிஸ் ஹாஸ்லம்.

உட்கார்ந்துதான் இருந்தாள். இரண்டு சிவப்புப் பாறைச் சுவர்களுக்கு நடுவே சிக்கிக்கொண்ட ஒரு கல்லின் மேல், கால்களைத் தொங்கப் போட்டுக்கொண்டு, சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தாள். தோலை மட்டும் சட்டைப் பைக்குள் துப்பினாள். கார்னெட் மேசா தேசியப் பூங்காவுக்குள் விதைத்தோல் கீழே விழுந்தாலும் அபராதம், போட்டவள் பூங்காவின் புலனாய்வு அதிகாரியாக இருந்தாலும். வயது ஐம்பத்தெட்டு. சிரிப்பை எல்லாம் ஓய்வு பெற்ற பிறகு சேர்த்து வைத்துச் சிரித்துக்கொள்ளலாம் என்று எண்ணியிருப்பவள் போலிருக்கும் அவள் முகம்.

"அந்த லெட்டர்ல கையெழுத்து போட்டியா?"

"பேனா தேடிட்டிருக்கேன் மேடம்."

லைல் பெர்மிட் கவுண்ட்டரில் உட்காருகிறவன். ஊர்க்காரர்கள் பிஷப் தொண்டை என்று பெயர் வைத்திருக்கும் இந்தக் குறுகிய பாறைப் பிளவுக்குள் தனி ஆளை விடக் கூடாது. குறைந்தது இரண்டு பேர் வேண்டும், இரண்டு பேரும் கவுண்ட்டரில் முகம் காட்ட வேண்டும். போன செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு நோலன் ஆப்ஷா என்பவன் வந்து, "இன்னொருத்தர் வண்டிய நிறுத்திட்டு வர்றார்" என்றான். அவனுக்குப் பின்னால் பதினோரு பேர் நின்றார்கள். லைல் சீட்டில் இரண்டு பேர் என்று எழுதினான். திடீர் வெள்ள எச்சரிக்கையை வாசித்துக் காட்டினான். ஆளுக்கு ஒன்றாக இரண்டு கழிவுப் பை எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டான். இரண்டாவது ஆளை அவன் கண்ணால் பார்க்கவில்லை.

சனிக்கிழமை நோலனைப் பிணமாகத் தூக்கினார்கள். அவனோடு யாரும் போனதாக ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. நோலனோ அவனுடைய கூட்டாளிகளோ விதிகளை மதித்தவர்களும் இல்லை. இரண்டு பேர் என்று பொய் சொல்லித் தனியாகப் போய்ச் செத்திருக்கிறான், அந்தப் பொய்யை நம்பிச் சீட்டுக் கொடுத்த முட்டாள் லைல் என்று பேச்சு முடிந்துவிட்டது. சூப்பரிண்டெண்டென்ட் அதையே கடிதமாக டைப் அடித்து வைத்திருந்தார். இன்று மாலை ஐந்து மணிக்குள் லைல் அதில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் வேலை போகும். அந்தக் கடிதத்தை வைத்து வழக்குப் போட நோலனின் மனைவி மெர்லாவின் வக்கீல் வேறு காத்துக்கொண்டிருந்தார். வேலையைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. ஒரு மனிதனைச் சாக அனுப்பியது தன் கைதானா என்று தெரியாமல் லைல் இரண்டு நாளாகத் தூங்கவில்லை.

தொண்டை மேலே நுழைந்து கீழே வெளியேறும் வழி; நடுவே கயிற்றில் இறங்க வேண்டிய இறக்கங்கள் மூன்று. இரண்டாவது இறக்கத்தின் அடியிலேயே ஒரு பாறைக் கிணறு. பன்னிரண்டு அடி ஆழம், முழங்கால் அளவு ஐஸ் தண்ணீர், சுற்றிலும் கண்ணாடி போல வழுவழுத்த சுவர். நோலன் அதில்தான் கிடந்தான். மீட்புக்காரர்கள் மேலே கட்டி விட்டுப்போன கயிற்றில் தொங்கி ஊசலாடி இருவரும் சற்று முன்புதான் அதைத் தாண்டி வந்திருந்தார்கள். சுவரில் ஆள் உயரத்துக்குப் பழுப்பாகக் கோடுகள் இருந்தன. லைல் அது துருக்கறை என்று நினைத்தான். டாக்டர் அறிக்கையில் பத்து விரலிலும் நகம் இல்லை என்று எழுதியிருந்ததை ஆர்டிஸ் அந்த இடத்தில் நின்றுதான் சொன்னாள். குளிரில் மெல்ல மெல்லச் செத்திருக்கிறான். வெள்ளிக்கிழமை விடியற்காலை வரை உயிர் இருந்திருக்கிறது.

இப்போது மூன்றாவது இறக்கத்தின் விளிம்பில் கயிறு மாட்டக் குனிந்த லைல் அப்படியே நின்றுவிட்டான்.

"மேடம். இது நீலமா இருந்துது."

"எது?"

"இந்தப் பட்டை."

கயிற்றில் இறங்குகிறவர்கள் ஏதாவது ஒரு கல்லைச் சுற்றி நாடாப் பட்டை ஒன்றைக் கட்டி, அதில் ஒரு வளையத்தை மாட்டி, வளையத்தில் கயிற்றைக் கோத்து இறங்குவார்கள். இறங்கியதும் கயிற்றை உருவிக்கொள்வார்கள். பட்டை கல்லிலேயே தங்கிவிடும். அது கல்லின் நிறத்தில்தான் இருக்க வேண்டும் என்பது பூங்காவின் விதி. ஆர்டிஸ் உட்கார்ந்திருந்த கல்லைச் சுற்றிப் புத்தம் புதிய பழுப்புப் பட்டை ஒன்று கச்சிதமாகக் கட்டியிருந்தது.

"போன திங்கக்கெழம ரோந்து வந்தேன். இங்க நீலப் பட்டை இருந்துது, பர்த்டே ரிப்பன் மாதிரி பளபளன்னு. போட்டோகூட எடுத்தேன், பாருங்க."

"ஏன் அறுக்கல?"

"மாத்துப் பட்டை கொண்டு வரல. அறுத்துட்டா அடுத்து வர்ற ஆள் எதுல எறங்குவான்?"

"சோம்பேறித்தனம்னு சொல்லேன்."

"அதத்தான் சொல்ல வந்தேன். நீங்க முந்திக்கிட்டீங்க."

ஆர்டிஸ் கல்லிலிருந்து இறங்கி முழங்காலிட்டாள். "திங்கக்கெழம நீலம். இன்னிக்குப் பழுப்பு. நடுவுல யாரு மாத்துனா? நோலனா?"

"இருக்கும்…" என்ற லைல் பாதியில் நிறுத்தினான். "இல்ல மேடம். நோலன் இந்த எடத்துக்கே வரலையே. கெணத்துலயே நின்னுட்டான்."

"சனிக்கெழம பொணத்தப் பாத்தாங்களே, அந்தக் கொலராடோ பார்ட்டி?"

"ரெண்டாவது எறக்கத்து மேலேர்ந்து எட்டிப் பாத்தாங்க. பாத்ததும் வந்த வழியே ஏறி ஓடிட்டாங்க. மீட்பு ஆளுங்களும் மேலேர்ந்துதான் தூக்குனாங்க. கெணத்தத் தாண்டி ஒருத்தரும் வரல."

"புதன், வியாழன், வெள்ளி?"

"மூணு நாளும் துப்புரவுக் குழு ஒன்னு மொத்த எடத்தையும் வாங்கி வெச்சிருந்துது. மேகத்தப் பாத்துட்டு அவங்களும் போகல. செவ்வாய் தொண்டைக்கு நோலன் சீட்டு ஒன்னுதான், சனிக்கெழமேலேர்ந்து மூடியாச்சு."

"மொத்த எடம்னா எத்தன?"

"ஆறு. தொண்டைக்கு ஒரு நாளைக்கு ஆறு பேருக்கு மேல கெடையாது."

ஆர்டிஸ் ஒரு விதைத்தோலைப் பைக்குள் போட்டாள். "கீழேர்ந்து ஏறி வர முடியுமா?"

"பல்லியா இருந்தா முடியும்."

"அப்போ உன் சீட்டு சரி. செவ்வாக்கெழம ரெண்டு பேர் வந்திருக்காங்க. ரெண்டாவது ஆள் வெளிய போயிட்டான்."

லைல் கையிலிருந்த கயிற்றைக் கீழே வைத்தான். ஈரப் பாறையிலேயே உட்கார்ந்தான். ஒருவன் கொலையாகியிருக்கிறான் என்று தெரிந்து இன்னொருவன் சந்தோஷப்படுவது அசிங்கமான காரியம். லைல் சந்தோஷப்பட்டான். கண்ணில் நீர் வருமளவுக்குச் சந்தோஷப்பட்டான்.

"ரெண்டு பேர்னா அந்தக் கெணத்த எப்படித் தாண்டுவாங்க?" என்று கேட்டாள் ஆர்டிஸ். தெரிந்துகொண்டே கேட்கும் பழக்கம் அவளுக்கு உண்டு.

"ஒருத்தர் தோள்ல ஒருத்தர் ஏறுவாங்க. மொதல்ல மூட்டைய வெளிய வீசிடுவாங்க. மேல போனவர் கயிறு எறக்கிக் கீழ இருக்கவரத் தூக்கணும்."

"எறக்கலன்னா?"

லைல் கிணறு இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"ஒருத்தன் தோள் குடுத்துட்டுக் கீழ கெடந்து கத்தறான்" என்றாள் ஆர்டிஸ். "தோள்ல ஏறி வந்தவன் எறநூறு அடி நடந்து இங்க வர்றான். நீலப் பட்டையப் பாக்கறான். விதிக்கு விரோதமாச்சேன்னு நின்னு அறுக்கறான். பழுப்புப் பட்டை எடுத்துக் கட்டறான். அப்புறந்தான் எறங்கறான். எப்படிப்பட்ட ஆள் லைல் அது?"

"ரொம்ப ஒழுக்கமான ஆள் மேடம்."

அவள் சட்டைப் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து, முடிச்சுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த வாலை அளந்தாள். மூன்று அங்குலம். நூல் பிசகவில்லை.

ஹார்லன்வில் ஊருக்குத் திரும்பும் வழியில் சோடாக் கடை ஜன்னலில் வண்டியை நிறுத்தினார்கள். லைல் தேங்காய் சிரப்பும் கிரீமும் ஊற்றிய கோலா ஒன்றை வாங்கினான், அரை காலன் இருக்கும். ஆர்டிஸ் வீட்டிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்கைத் திறந்து, காபி பாவம் என்னும் ஊர்த் தேவாலயத்துக்காரர்கள் கண்ணில் படாமல் அதைக் குடித்தாள்.

"முடிச்சப் பாத்து ஆளச் சொல்றவர் இந்த ஊர்ல ஒருத்தர்தான்" என்றான் லைல். உறிஞ்சியதில் பாதித் தைரியம் திரும்பியிருந்தது. "பிரதர் கிம்பர். கல்காவலர் சங்கத் தலைவர். நம்ம விதிப் புத்தகத்துல பாதி அவர் எழுதினது. வருஷா வருஷம் நமக்கு கிளாஸ் எடுக்கறாரே. நான் மூணு வாட்டி உக்காந்திருக்கேன். ரெண்டு வாட்டி பெயிலு."

"அந்தத் துப்புரவுக் குழு?"

"அதுவும் அவரோடதுதான். ஒரே கல்லுல ரெண்டு வேலையும் முடிஞ்சுடும், போங்க."

ஆர்டிஸ் வண்டியை எடுத்தாள்.

ராய்ஸ் கிம்பர் ஓய்வு பெற்ற நில அளவையாளர். அறுபத்தாறு வயதிலும் முதுகு வளையவில்லை. அவர் வீட்டு முற்றத்தில் சரளைக்கல்கூட வரிசையாகத்தான் கிடந்தது. கதவைத் திறந்தவர் லைலின் காலைத்தான் முதலில் பார்த்தார்.

"வாங்க சிஸ்டர் ஹாஸ்லம். லைல், பூட்ஸ அங்கயே கழட்டு. மணல்."

சமையலறையில் பாலாடைக்கட்டி வாசனை ஆளைத் தூக்கியது. மேசைமேல் பெரிய கண்ணாடிப் பாத்திரம், உள்ளே அந்த ஊர் வழக்கப்படி சாவு வீட்டுக்குக் கொண்டுபோகும் உருளைக்கிழங்கு, மேலே மொறுமொறுவென்று சோளச் செதில். கிம்பர் ஒட்டுத்தாளில் தன் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதி, பாத்திரத்தின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"மெர்லா வீட்டுக்கு" என்றார். "எங்க வீட்டம்மா பண்ணிட்டு சர்ச்சுக்குப் போயிட்டா. நான் கொண்டுபோய்க் குடுக்கணும். பேர் எழுதலன்னா பாத்திரம் திரும்பி வராது. பாவம், அந்தப் பொண்ணு. உக்காருங்க."

ஆர்டிஸ் உட்காரவில்லை. போனை நீட்டினாள்.

"ஒரு விதி மீறல் பிரதர். தொண்டையில மூணாவது எறக்கம். எவனோ கன்னாபின்னான்னு ஒரு பட்டையக் கட்டிட்டுப் போயிருக்கான். முடிச்ச வெச்சு யாருன்னு சொல்லுவீங்களான்னு வந்தோம்."

கிம்பர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். படத்தைப் பார்த்தார். "கன்னாபின்னாவா?"

"வால் ஒரு அங்குலங்கூட இல்ல. பாரம் விழுந்தா அவுந்துடும். நெறமும் கல்லுக்குச் சேரல."

லைல் வாயைத் திறந்தான். ஆர்டிஸின் குதிகால் அவனுடைய வெறும் காலுறையின் மேல் ஏறி அழுத்தியது. மூடிக்கொண்டான்.

"அதோட வுட்டானா? பழைய நீலப் பட்டைய அறுத்து அங்கயே கடாசிட்டுப் போயிட்டான். கீழ குப்பையாக் கெடந்துது. நோலன் கூட்டத்து ஆளுங்க வேலைன்னு எழுதிடட்டுமா?"

கிம்பரின் கழுத்து சிவந்தது. சிவப்பு காது மடலுக்கு ஏறியது.

"சிஸ்டர், படத்தச் சரியாப் பாருங்க. வால் மூணு அங்குலம். அளந்து வுட்டது. நெறம் பூங்கா ஒப்புதல் குடுத்த பழுப்பு. இதுக்கு மேல சுத்தமா ஒருத்தன் கட்ட முடியாது."

"நோலன் கூட்டத்துல இவ்வளவு சுத்தமாக் கட்டுவானா ஒருத்தன்?"

"அவனுங்களா! அவனுங்களுக்கு ஷூ லேஸ் கட்டத் தெரியுமா?"

"என்னமோ பிரதர். நீலப் பட்டை கீழ கெடந்துதே. குப்பை குப்பைதானே."

"கெடந்திருக்க முடியாது."

"நான் கண்ணால பாத்தேன்."

"முடியவே முடியாதுங்கறேன்! அது உங்க கவுண்ட்டர் பெட்டியில இருக்கு. எட போட்டு, தேதி எழுதி…"

அவர் நிறுத்தினார்.

கவுண்ட்டருக்கு அடியில் ஒரு மரப்பெட்டி உண்டு. பிளவுகளில் அறுத்தெடுக்கும் பழைய பட்டைகளைத் தொண்டர்கள் அதில் போட்டு, பக்கத்தில் தொங்கும் நோட்டில் இடம், எடை, தேதி எழுதிப் போவார்கள். அந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்ததே கிம்பர்தான். ஒரு வாரமாக லைல் அந்தப் பெட்டியின் மேல்தான் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தான்.

"என்ன தேதி எழுதினீங்க பிரதர்?" என்றாள் ஆர்டிஸ். குரல் மெதுவாக வந்தது.

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நோட்டில் திங்கட்கிழமை என்று எழுதியிருந்தால் ஆர்டிஸ் தலைகீழாக நின்றாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. ஆனால் நோட்டில் தப்புத் தேதி எழுத அந்தக் கைக்கு வரவில்லை.

"செவ்வாய்" என்றான் கிம்பர்.

இதற்கு மேல் அந்த ஆளுக்கு மரியாதை கொடுத்து எழுத எனக்குக் கை வரவில்லை.

ஆர்டிஸ் ரேடியோவில் ஷெரிப் ஆபீசைக் கூப்பிட்டுவிட்டு வந்து அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள். கிம்பர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"மூணு ஓட்டை" என்றான். "டிரில் வெச்சு, தொண்டையோட மேல் சொவத்துல. இரும்பு ஆணி அடிச்சான், சுலபமா எறங்கறதுக்கு. நாப்பது வருஷமா அந்தக் கல்லுல ஒரு கீறல் விழாமப் பாத்துக்கிட்டேன். புகார் குடுத்தேன். நீங்க என்ன பண்ணீங்க? நூத்தி அம்பது டாலர் அபராதம். சிரிச்சுக்கிட்டே கட்டிட்டுப் போனான்."

"அதுக்காகவா?"

"சமாதானமாப் போயிடலாம், வா, அந்த ஓட்டைய நாம ரெண்டு பேருமே அடைச்சுடுவோம்னு கூப்பிட்டேன். யாருக்கும் தெரிய வேணாம், சங்கத்துல என்னக் கிண்டல் பண்ணுவாங்கன்னேன். ஒருத்தர்கிட்டயும் மூச்சு வுடல. நல்லவன்தான். சாந்து, கலவை எல்லாம் அவனே தூக்கிட்டு வந்தான். மூணு ஓட்டையும் அடைச்சோம். அப்புறம் கெணத்துக்கு வந்தோம். தோள் குடுத்தான். உறுதியான தோள்."

லைல் மேசையிலிருந்து ஓர் அடி பின்வாங்கினான்.

"கத்தினானா?" என்று ஆர்டிஸ் கேட்டாள்.

"மொதல்ல சிரிச்சான். விளையாடறேன்னு நெனச்சான். அப்புறம் கத்தினான். மூணாவது எறக்கம் வரைக்கும் கேட்டுது. அந்தச் சத்தத்துல முடிச்ச ரெண்டு வாட்டி போட வேண்டியதாப் போச்சு."

"கூட வந்தவன வுட்டுட்டு வராதேன்னு நீங்கதானேய்யா கிளாஸ்ல சொன்னீங்க!" லைல் கத்தியே விட்டான். "மூணு வருஷம் மூணு வாட்டி சொன்னீங்களே!"

"அது புத்திமதி லைல், விதி இல்ல. விதிப் புத்தகத்துல கல்ல என்ன பண்ணக் கூடாதுன்னு நாப்பது பக்கம் இருக்கு. கூட வந்தவனத் தூக்கி வுடணும்னு ஒரு வரி இருந்தா காட்டு. அதனாலதான் நீ பெயிலாயிட்டே இருந்தே."

புத்தகத்தில் அப்படி ஒரு வரி இல்லை. சீட்டு வாங்கியவன் திரும்பி வந்தானா என்று பார்க்க வேண்டும் என்றும் இல்லை. தன் உயிருக்குத் தானே பொறுப்பு என்று ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட்டுத்தான் உள்ளே போகிறார்கள். நாலு நாள் பாலைவனத்தில் சுற்றிவிட்டு வருவேன் என்று நோலன் வீட்டில் சொல்லியிருந்தான். சனிக்கிழமை வரை மெர்லாவும் தேடவில்லை.

"அன்னிக்குச் சாயந்தரமே வந்து மூணு நாளைக்கு ஆறு எடத்தையும் வாங்கிட்டீங்க" என்றாள் ஆர்டிஸ். "துப்புரவுன்னு சொல்லி."

"தொண்டர் குழுவுக்கு முன்னுரிமை உண்டு. பதினாலாம் விதி."

"குழுவுல யாருக்காவது சொன்னீங்களா?"

"எதுக்கு? சீட்டு என் கையில. வாங்குன சீட்டு பயன்படுத்துன சீட்டாத்தான் கணக்கு. அதுவும் விதி."

வாசலில் ஷெரிப் ஆபீஸ் வண்டி வந்து நின்றது. இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். கிம்பர் எழுந்து, தானாகவே கைகளைப் பின்னால் கொண்டுபோனான். விலங்கு பூட்டும்போது லைலைப் பார்த்தான். முகத்தில் கனிவு இருந்தது. அந்தக் கனிவு நிஜமானது, அதுதான் கொடுமை.

"ஊர்ல உன் மேல பழி போட்டாங்கன்னு கேட்டு வருத்தமா இருந்துது லைல். நீ ஒரு தப்பும் பண்ணல. வியாழக்கெழம பண்ணியே, அதுதான் வேலை. அத நான் மறக்க மாட்டேன்."

"வியாழக்கெழமையா?" என்றான் லைல்.

"ஐடஹோலேர்ந்து வந்துதே ரெண்டு பொண்ணுங்க. தொண்டைக்கு எடம் கேட்டு எவ்வளவு கெஞ்சுச்சுங்க! நான் மேப் பலகைகிட்ட நின்னுட்டிருந்தேன். ஒரு நிமிஷம் எனக்கே மூச்சு நின்னு போச்சு. நீ அசரலையே."

அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். வாசற்படியில் திரும்பி, "அந்த உருளைக்கெழங்கு ஆறறதுக்குள்ள மெர்லாகிட்ட குடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

வியாழக்கிழமை லைலுக்கு நன்றாக நினைவிருந்தது. ஒருத்திக்கு வெயிலில் மூக்குத் தோல் உரிந்திருந்தது. எழுநூறு மைல் வண்டி ஓட்டி வந்ததாகச் சொன்னார்கள். துப்புரவு ஆட்கள் யாரும் வரவில்லை, வண்டி நிறுத்துமிடம் காலியாக இருக்கிறது, நாங்கள் இரண்டே பேர், போய்விட்டு ஓடி வந்துவிடுகிறோம் என்றார்கள். காலியாக இருந்தது லைலுக்கும் தெரியும். கவுண்ட்டர் ஜன்னலிலிருந்தே தெரிந்தது. "ரெஜிஸ்டர்படி உள்ள ஆறு பேர் இருக்காங்கம்மா. நீங்களும் போனா பிஷப்புக்கு விக்கல் எடுக்கும்" என்றான். பெண்கள் சிரித்துவிட்டு வேறு பிளவுக்குப் போனார்கள். அப்போது பின்னாலிருந்து வந்து கிம்பர் அவன் தோளில் தட்டி, "கத்துக்கிட்டே" என்றான். இரண்டு தடவை பெயில் ஆனவனுக்கு அது பெரிய பாராட்டு. அன்று முழுவதும் லைல் விசில் அடித்துக்கொண்டு வேலை பார்த்தான்.

வெளியே வந்து ஆர்டிஸ் வண்டியின் முன்புறத்தில் சாய்ந்துகொண்டாள்.

"சூப்பரிண்டெண்டென்ட்கிட்ட பேசிட்டேன். அந்த லெட்டரக் கிழிச்சுப் போட்டுட்டார். வேலை உனக்குத்தான்."

"டாக்டர் வெள்ளிக்கெழம விடியக்காலம்னுதானே மேடம் சொன்னார்?"

"ஆமா."

"அந்தப் பொண்ணுங்க வந்தப்ப வியாழன் ஒம்பதே கால். மத்தியானத்துக்குள்ள கெணத்துக்கு வந்திருப்பாங்க. அவங்ககிட்ட கயிறு இருந்துது."

"தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"சனிக்கெழமேலேர்ந்து. உன் ரெஜிஸ்டரப் பாத்தேன். திருப்பி அனுப்புனவங்க பேரையும் ஒழுங்கா எழுதி வெச்சிருக்கே. ஆறு எடத்தையும் ஒரே ஆள் வாங்கினதும் அதுல இருந்துது. எனக்கு அவன் மேல அப்பவே கண்ணு. நிரூபிக்க ஒரு துப்பும் இல்ல. நீ இல்லாம நான் அந்தப் பிளவுல எறங்க முடியாது. சொல்லியிருந்தா இன்னிக்கு நீ கயிறு புடிச்சிருப்பியா?"

லைல் அவளையே பார்த்தான். அவளைத் திட்ட வேண்டும் போலிருந்தது. திட்ட ஒன்றும் கிடைக்கவில்லை. அவள் வண்டிக்குள் கையை விட்டு ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் எடுத்து முன்புறத் தகட்டின் மேல் வைத்தாள்.

"கெணத்துல வுட்டது மட்டுமில்ல, யாரும் காப்பாத்தக் கூடாதுன்னு வழிய அடைச்சதும் சேந்தாத்தான் கேஸ் நிக்கும். அவன் வக்கீல் உன் ரெஜிஸ்டரத்தான் மொதல்ல கேப்பான். வழி அடைபட்டதுக்கு ஒரே சாட்சி நீதான். எழுது."

"இப்பவேவா?"

"இப்பவே. நாளைக்குன்னா உன்னால முடியாது."

லைல் ஒரு ஜோக்குக்காகத் தேடினான். வெயிலில் தகடு சுட்டது. தாளைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கவுண்ட்டரில் எழுதும் அதே எழுத்தில் எழுதினான். வியாழக்கிழமை, காலை 9.15. பிஷப் தொண்டைக்கு அனுமதி கேட்டவர்கள் இருவர். மறுத்தவர் லைல் ஸ்டக்கி. காரணம், பதிவேட்டின்படி உள்ளே ஆறு பேர்.

ஆர்டிஸ் தாளுக்குக் கை நீட்டினாள். அவன் கொடுக்கவில்லை. கீழே இன்னும் ஒரு வரி எழுதினான்.

உள்ளே ஒருவன்தான் இருந்தான், அப்போது உயிரோடு இருந்தான்.